சரசுவின் தெத்துப்பல்

கரியால் போட்ட கோட்டை அழிப்பதற்குப் பேக்கரிப் பாணைப் போல ஒரு சாமான் கிடையாது. நேற்று வாங்கிய பாணாக இருக்க வேண்டும். இன்றைய பாண் கையில் ஒட்டும். முந்தாநாள் பாண் பொடிப்பொடியாக உதிரும். கருகிய ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவிலுள்ள வெள்ளையை உள்ளங்கையில் உருட்டி, கடதாசியின் மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கரி உள்ளே இறங்கிவிடும். பிறகு யார் வந்தாலும் எடுக்க முடியாது.

போன மாதம் என்னைத் தேடி வந்த மூன்று இளம் ஆசிரியர்களிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். பேராதனை வீதியில் மாலை நேரச் சித்திர வகுப்பு நடத்துகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஓவிய நுட்பங்கள், பாணிகள் பற்றி நான் ஓர் அறிமுகம் போலப் பேச வேண்டுமாம். பாண் கதையைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "ஆன்ட்டி, இப்பெல்லாம் டேப்ல ஒரு தட்டு தட்டினா அழிஞ்சிரும்" என்றாள் ஒருத்தி. நல்லது, அழியட்டும். அழிப்பது இவ்வளவு சுலபமாகிவிட்டதே என்றுதான் நான் நினைத்தேன். மேடையேறிப் பேச என்னால் ஆகாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினேன். நுட்பமும் பாணியும் இதில் வரும். கூடவே ஒரு பெண்பிள்ளையின் பல்லும் வரும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் கற்ற விதம் ஒன்றும் பெரிய கதையில்லை. கொன்வென்ட்டில் ஒரு சிஸ்டர் கோப்பையையும் வாழைப்பழத்தையும் மேசையில் வைத்து வரையச் சொன்னார், வந்தது. தேவாலயத் திருநாளுக்குத் தேர்ச்சட்டங்களுக்கு வர்ணம் பூசினேன், அதுவும் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி, கண்டி திருகோணமலை வீதியில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றுவது என் வேலை. ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு, சேலைக்கு வாடிக்கையாளர் சொல்லும் நிறம். ஒரு கல்யாணப் பெண்ணின் பச்சைச் சேலைக்கு நீலம் ஏற்றி, மாமியார்க்காரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்படியும் என்னை மேல்மாடிக்கு ஏற்றினார்கள். மேல்மாடி என்றால் மாஸ்டரின் இடம். கையால் வரையும் பெரிய உருவப்படங்கள் அங்கேதான் நடக்கும்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவற்றில் ஒரு சொட்டு வர்ணம் பட்டு நான் பார்த்ததில்லை. எல்லாச் சொட்டும் என் மேல்தான் வந்து விழும். யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. என் படத்தை எடுத்துத் தலைகீழாக வைப்பார். பிறகு சுவரில் மாட்டிய கண்ணாடிக்கு எதிரே பிடித்து, கண்ணாடிக்குள் அதைப் பார்ப்பார். முகம் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்பது அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும். இதை இன்றைக்கும் செய்து பாருங்கள். பிழை இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு துண்டுப் பாணை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். சரியாக இருந்தால், "கிடக்கட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

வேலை நடக்கும் விதம் இதுதான். வாடிக்கையாளர் தரும் சின்னப் படத்தின் மேல் மெல்லிய கட்டங்கள் போட வேண்டும். பெரிய கடதாசியிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து வரைய வேண்டும். இது கண், இது மூக்கு என்று நினைத்துவிட்டால் கை தன்னிஷ்டத்துக்குப் போய்விடும். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். எங்கள் ஸ்டூடியோ வழக்கத்தில் வெளிச்சம் எப்போதும் இடது பக்கம் மேலேயிருந்து வரும். இருட்டுக்குக் கரிப்பொடி, அதைச் சுருட்டிய கடதாசி நுனியால் இழுத்து மென்மையாக்குவோம். கரிப்படம் சரியென்றால்தான் கன்வஸும் எண்ணெய் வர்ணமும். முதலில் டர்பன்டைன் கூட்டி மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு எண்ணெய் கூட்டித் தடிப்பாக. மாற்றிச் செய்தால் ஒரு வருடத்தில் முகம் வெடிக்கும்.

பாணி என்றால் என்னவென்று கேட்டார்கள். எங்களுடையது ஸ்டூடியோ பாணி, வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது. நிழலை வைத்தே மூக்கை எழுப்பும். கடைகளில் தொங்கும் கலண்டர் சாமிப் படங்கள் இன்னொரு பாணி. அங்கே நிழல் இருக்கும், ஆனால் அழுக்காகத் தெரியாது, எல்லார் முகமும் பூசணிப்பழம் போலப் பளபளக்கும். கண்டியைச் சுற்றியுள்ள பழைய விகாரைகளின் சுவர்களில் இருப்பது முற்றிலும் வேறு. சிவப்புப் பின்னணி, ஒரே சீரான நிறம், சுற்றிலும் உறுதியான ஒரு கோடு, வெறுமையான இடமெல்லாம் தாமரை. நிழலே கிடையாது. ஆனாலும் அரசன் அரசனாகவும் பெண் பெண்ணாகவும்தான் தெரிகிறார்கள். நிழல் இல்லாமலும் முகம் வரும் என்பதை நான் அங்கே போய்த்தான் கண்டேன். அது எனக்குப் பின்னால் உதவியது.

மேல்மாடிக்கு வந்த வேலையில் பாதிக்கு மேல் இறந்தவர்களின் படங்கள். அதற்கென்று மாஸ்டரிடம் தனிச் சட்டங்கள் இருந்தன. தோள் நேராக இருக்க வேண்டும். நிறம் உள்ளதைவிட ஒரு படி வெளுப்பாக இருக்க வேண்டும். நகை இல்லாதவருக்கும் ஒரு சங்கிலியாவது போட வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகைப்படம் இல்லாத முகத்தைக் கையில் எடுக்கவே கூடாது.

காத்தாயி அம்மா வந்தது அந்தக் கடைசிச் சட்டத்தை உடைக்கத்தான்.

ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அடைமழையில் மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தின் பாதியை இழுத்துக்கொண்டு போயிருந்தது. பெரியவர்கள் எல்லாரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நேரம். காத்தாயி அம்மாவின் ஒரே மகள் சரசு, பதினேழு வயது, காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்தாள். பிள்ளையும் போய், பெட்டிக்குள் இருந்த அவளுடைய ஒரே பள்ளிக்கூடப் படமும் மண்ணோடு போயிற்று. அதன் பிறகு அந்த அம்மா கலஹாப் பக்கம் தம்பி வீட்டில் இருந்தார். அங்கிருந்து பஸ் ஏறி எங்களிடம் வந்திருந்தார்.

"படம் இல்லாத முகத்தை நாங்கள் கீறுறேல்லை அம்மா" என்றார் மாஸ்டர். "என்னெண்டு கீறுறது? நான் அந்தப் பிள்ளையைக் கண்டதே இல்லையே."

"நான் கண்டிருக்கேன்ல ஐயா. நான் சொல்றேன், நீங்க வரைங்க."

"அது சரிவராது. போட்டு வாங்கோ."

அந்த அம்மா போகவில்லை. படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாதி கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். பின்னேரம் மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனபோது, எழுந்து வழிவிட்டபடியே சொன்னார்:

"மொகம் மறந்துக்கிட்டு வருதுங்க ஐயா. மொதல்ல கண்ண மூடினா வந்து நிப்பா. இப்ப கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் வரா. ஒரு நாளு வராமயே போயிருவா. அதுக்குள்ள வரைஞ்சி குடுத்துருங்க."

மாஸ்டர் குடையை மறுபடியும் ஆணியில் மாட்டினார். என்னைப் பார்த்து, "நீர் கீறும் பிள்ளை. நான் திருத்துறன்" என்றார்.

எப்படித் தொடங்குவது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மூக்கு எப்படியம்மா இருக்கும்?" என்று கேட்டேன். "மூக்கு மாதிரி இருக்கும்" என்றார் பாவம். வேறென்ன சொல்வார்? உங்கள் அம்மாவின் மூக்கு எப்படியிருக்கும் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அப்புறம்தான் கேள்வியை மாற்றினேன். யாருடைய மூக்கு என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. "எந்தம்பி மூக்கு. அச்சு அசல்." கண் யாருடையது? "எங்கண்ணுதான்." நாடி? "அவ அத்த நாடி." அடுத்த முறை தம்பியையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு அந்தக் குட்டி அறைக்குள் நின்றார்கள். தம்பியிடமிருந்து மூக்கை எடுத்தேன், அத்தையிடமிருந்து நாடியை எடுத்தேன், அம்மாவின் கண்ணிலிருந்து வயதைக் கழித்துவிட்டுக் கண்ணை எடுத்தேன்.

அரைகுறைப் படத்தை வீட்டாருக்குக் காட்டக் கூடாது என்பதும் மாஸ்டரின் சட்டம்தான். இந்தப் படத்துக்கு அதுவும் செல்லவில்லை. காட்டாமல் எப்படித் திருத்துவது? காத்தாயி அம்மா கரிப்படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்: "மூக்குக்குக் கீழ என்னங்கம்மா அழுக்கு?" அது அழுக்கல்ல, நிழல் என்றேன். "எம்மக மொகத்துல ஏதுங்க நெழலு? பளிச்சுனு இருப்பா." என்னதான் விளக்கினாலும் அவர் கண்ணுக்கு அது கரியாகவே தெரிந்தது. அப்போதுதான் விகாரைச் சுவர்கள் நினைவுக்கு வந்தன. நிழலையெல்லாம் பாணால் ஒற்றி எடுத்துவிட்டு, மூக்கையும் இமையையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன். "இப்ப கிட்ட வந்துட்டா" என்றார். மாஸ்டர் அதைத் தலைகீழாக்கிப் பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார். "கிடக்கட்டும்" என்று சொல்லவில்லை. பாணும் வைக்கவில்லை.

ஆனால் எதுவோ குறைந்தது. அந்த அம்மாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. எது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. கண் சரி, மூக்கு சரி, நாடி சரி. "ஆனா இது சரசு இல்லீங்களேம்மா" என்று அழாத குறையாகச் சொன்னார். பேச்சை மாற்றுவதற்காக, சரசு சண்டைக்காரியா, சாதுவா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சாதுவா? அவளா? எதுக்கெடுத்தாலும் சிரிப்புதான். இந்தப் பக்கம் ஒரு தெத்துப்பல்லு இருக்கும்ங்க, சிரிச்சா எட்டிப் பாக்கும். பயலுக கேலி பண்ணுவானுங்கன்னு வாயப் பொத்திக்கிட்டே சிரிப்பா."

நான் அவரைப் பார்க்கவே இல்லை. கரியை எடுத்து, மூடியிருந்த உதட்டைக் கொஞ்சம் பிரித்து, இடது பக்கம் அந்த ஒரு பல்லை வைத்தேன். கன்னத்தைச் சற்று மேலே தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் காத்தாயி அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "வந்துட்டா" என்றார். "அய்யோ, வந்துட்டா எம்புள்ள."

சத்தம் கேட்டு மாஸ்டர் வந்தார். படத்தைப் பார்த்தார். அன்றைக்குத் தலைகீழாக்கவும் இல்லை, கண்ணாடிக்குக் கொண்டுபோகவும் இல்லை.

"பிள்ளை, உமக்கென்ன விசரே? இது ஆக்கள் பூ வைச்சுக் கும்பிடப்போற படம். பகிடிப் படமில்லை. செத்த பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டால் பாக்கிறவை என்ன சொல்லுவினம்?"

"மாஸ்டர், அந்தப் பல்லு இருந்தாத்தான் அவ..."

"எனக்குத் தெரியும் பிள்ளை."

பாண் துண்டை இந்த முறை மேசையில் வைக்கவில்லை. தானே உருட்டி, தானே ஒற்றினார். அவர் கை சுத்தமான கை. ஒற்றி எடுத்த இடத்தில் ஒரு பல் இருந்த சுவடே இல்லை. பிறகு கரியை வாங்கி, வாயை ஒரே கோட்டில் மூடினார். அழகான வாய்தான், இல்லையென்று சொல்ல முடியாது. நான் காத்தாயி அம்மாவைப் பார்த்தேன். நீங்களாவது சொல்லுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயாவுக்குத் தெரியாததா? சாமி படம் மாதிரி இருந்தாத்தானே வெளக்கு வைக்க முடியும்" என்றார்.

எண்ணெய் வர்ணத்தில் முடித்தோம். மாஸ்டர் சொன்னபடி நிறத்தை ஒரு படி வெளுத்தேன், கழுத்துக்கு ஒரு சங்கிலி போட்டேன். வாங்க வந்த அன்று காத்தாயி அம்மா அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் வாங்கி, மகளே மகளே என்று அழுதார். மாஸ்டர் என்னிடம், "கிடக்கட்டும்" என்றார். அந்த மேல்மாடியில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான் என்று நானும் நம்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிறகு தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. மாஸ்டர் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. அங்கேயே இறந்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். கலர்ப்படம் வந்து மேல்மாடி வேலை குறைந்தது. நான் கீழே கவுண்டரில் உட்கார்ந்து, எப்போதாவது பழைய படத்தைப் பெரிதாக்கி நிறம் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு நாள் இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கவுண்டரில் ஒரு சின்னப் படத்தை வைத்தாள். பெயர் பாக்கியம். சின்ன வயதில் ஹேவாஹெட்டப் பக்கம் இருந்தவள். பிரஜாவுரிமைப் பிரச்சினையில் குடும்பத்தோடு கோத்தகிரிக்கு அனுப்பப்பட்டவள். இப்போது அண்ணனைப் பார்க்க வந்திருக்கிறாள். படத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இத பெருசாக்கி கலர் போட்டுக் குடுங்கக்கா. இது நான். இது என் கூட்டாளி. நாங்க இந்தியா போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் திருவிழாவுக்குப் போறோம்னு பொய் சொல்லிட்டு டவுனுக்கு வந்து எடுத்தது. அம்மாகிட்ட சொல்லிராதடின்னு அவதான் சத்தியம் வாங்கினா. ஒரே ஒரு படம்தான் எடுத்தோம், அத நான் கொண்டு போயிட்டேன். நான் போன மறு வருசமே மண்ணு சரிஞ்சி போயிட்டா. அவங்கம்மாவுக்குக் குடுக்கணும்."

நான் கூட்டாளியைப் பார்த்தேன். வாயைப் பொத்த மறந்துபோய் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் ஒரு பல் எட்டிப் பார்த்தது.

படத்தைத் திருப்பினேன். பின்னால் எங்கள் ஸ்டூடியோ முத்திரை.

எங்கள் கடையில் பிலிமை எல்லாம், யார் வந்து எடுக்கச் சொன்னார்களோ அவர்கள் பெயரில்தான் உறையிலிட்டு வைப்போம். கீழறை அலுமாரியைத் திறந்து தேடினேன். பாக்கியம் என்ற பெயரில் அந்த உறை இருந்தது. நான் தம்பியிடமிருந்து மூக்கையும் அத்தையிடமிருந்து நாடியையும் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, சரசு என் மேசைக்கு நேர் கீழே, அந்த அலுமாரிக்குள் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒருவர் வாயிலிருந்தாவது பாக்கியம் என்ற பெயர் அன்றைக்கு வந்திருந்தால்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்தப் படத்துக்கு நானே நிறம் ஏற்றினேன். வெளுக்கவில்லை. சங்கிலி போடவில்லை. பாக்கியத்தோடு நானும் கலஹா பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நான் கொடுக்க முடியாமல் போனதைக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

காத்தாயி அம்மா வாசலில் சுளகை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி போடவில்லை, பார்வைக்கு ஒரு குறையுமில்லை. பாக்கியத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னையும் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே சுவரில் எங்கள் படம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பலகை, பலகையில் எண்ணெய் விளக்கு. படத்தின் கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம் தடித்துப் போயிருந்தது.

பாக்கியம் உறையைப் பிரித்துப் படத்தை நீட்டினாள். காத்தாயி அம்மா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அட, நம்ம பாக்கியம்! ரிப்பன் கட்டிக்கிட்டு என்னா ஒயிலா நிக்கிறா பாருங்களேன். பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு நிக்குதே, இது யாருடி? ஒன் நாத்தனாவா?"

பாக்கியம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பெரியம்மா, என்ன பெரியம்மா கேக்குறீங்க? இது சரசு."

"போடி. சரசு அங்க இருக்கா" என்று சுவரைக் காட்டினார்.

அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் கையிலிருந்ததைப் பார்த்தார். நகத்தால் அந்தப் பல்லைத் தொட்டார்.

"பல்லு" என்றார் மெதுவாக. "ஆமால்ல. பல்லு ஒண்ணு இருந்துச்சுல்ல."

அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. வரைந்தவள் நான்தானே, எனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டது போலத்தான் இருந்தது.

"அப்ப நான் இத்தன வருசமா யாருக்குங்கம்மா வெளக்கு வச்சேன்?"

இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு மாஸ்டர்மேல் இன்றைக்கும் கோபம்தான். அந்தப் பாணைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டிருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்துவிட்டேன். ஆனால் அந்த வீட்டு வாசலில் வைத்து எனக்கு மாஸ்டர் நினைவே வரவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், குடித்தோம். பாக்கியம் அழுதுகொண்டேயிருந்தாள். கடைசி பஸ் போய்விடும் என்று நாங்கள் எழுந்தபோது, காத்தாயி அம்மா அந்தப் படத்தைப் பழைய சேலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, இத நீங்களே வச்சுக்கங்க. செவத்துல இருக்கறவகிட்ட நல்லது கெட்டது எல்லாம் சொல்லிப் பழகிப்போச்சு. இவ பாட்டுக்குச் சிரிக்கிறா. இவகிட்ட என்னத்தப் பேசுறதுன்னு எனக்குத் தெரியலையே."